கீல் தண்டுக் கணக்கில் விடை தவறும்போது: அறிகுறியிலிருந்து பிழையைக் கண்டறியும் வழிமுறை

கடை முகப்பில் பெயர்ப்பலகையைத் தாங்குவதற்காகச் சுவரிலிருந்து கிடையாக நீட்டிய தண்டையும், அதன் நுனியிலிருந்து சுவரின் மேற்பகுதிக்குச் சாய்வாக இழுத்துக் கட்டிய கயிற்றையும் எல்லோரும் பார்த்திருப்போம். தண்டு சுவரோடு சேரும் இடத்தில் ஒரு கீல் இருப்பதாகக் கொண்டால், பதினோராம் வகுப்பு இயற்பியலிலும் பொறியியல் முதலாண்டு இயக்கவியலிலும் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கணக்கு கிடைத்துவிடுகிறது. கயிற்றின் இழுவிசை எவ்வளவு, கீல் தண்டின் மீது செலுத்தும் விசை எவ்வளவு, அது எந்தத் திசையில் செயல்படுகிறது என்பவையே கேள்விகள். சமன்பாடுகள் மூன்றுதான்: கிடைவிசைகளின் கூடுதல் சுழி, செங்குத்து விசைகளின் கூடுதல் சுழி, நாம் விரும்பித் தேர்ந்த ஒரு புள்ளியைப் பற்றிய திருப்புவிசைகளின் கூடுதல் சுழி. திருப்புவிசை என்பது, விசையை அந்தப் புள்ளியிலிருந்து விசையின் செயற்கோட்டுக்கு உள்ள செங்குத்துத் தொலைவால் பெருக்கியது.

இந்தக் கணக்கில் மாணவர்கள் தவறும் விடைத்தாள்களைப் பல ஆண்டுகளாகத் திருத்தி வருகிறேன். பெருக்கலிலோ வகுத்தலிலோ தவறியவர்கள் மிகச் சிலரே. கீல் விசையைப் பற்றிய தவறான எண்ணத்தாலோ, செங்குத்துத் தொலைவைத் தவறாக அளந்ததாலோதான் பெரும்பாலானவர்கள் மதிப்பெண்ணை இழக்கிறார்கள். அதைவிட என்னை வருத்துவது, தவறான விடையைச் சரிபார்த்துவிட்டதாக நம்பி அவர்கள் அடுத்த கேள்விக்குப் போய்விடுவதுதான். ஆகவே கீழே ஒவ்வொரு அறிகுறியோடும், அந்த விடையைச் சோதிக்கும் முறையையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

முதலில், இனி ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு உதவும் சரியான கணக்கு ஒன்றைச் செய்து வைத்துக்கொள்வோம். தண்டின் நீளம் 2 மீட்டர், அது சீரானது, எடை 80 நியூட்டன். கீல் இடக்கோடியில் இருக்கிறது. கீலிலிருந்து 1.5 மீட்டர் தொலைவில் 120 நியூட்டன் எடையுள்ள பலகை தொங்குகிறது. வலக்கோடியில் கட்டிய கயிறு தண்டோடு 30° கோணம் அமைத்துச் சுவருக்கு ஏறுகிறது. கீலைப் பற்றித் திருப்புவிசை எடுத்தால், கயிறு இடஞ்சுழியாகவும் இரு எடைகளும் வலஞ்சுழியாகவும் திருப்புகின்றன:

இழுவிசை × 2 × சைன் 30° = 80 × 1 + 120 × 1.5

வலப்பக்கம் 260 நியூட்டன் மீட்டர். இடப்பக்கத்தில் இழுவிசையின் பெருக்கு எண் 1 மீட்டர். எனவே இழுவிசை 260 நியூட்டன். அதன் கிடைக்கூறு 225.2 நியூட்டன், அது தண்டைச் சுவரை நோக்கி இழுப்பதால், கீல் அதே அளவில் தண்டைச் சுவரிலிருந்து வெளியே தள்ளுகிறது. இழுவிசையின் செங்குத்துக்கூறு 130 நியூட்டன். மொத்த எடையாகிய 200 நியூட்டனில் மீதி 70 நியூட்டனைக் கீல் மேல்நோக்கித் தாங்குகிறது. இரு கூறுகளையும் சேர்த்தால் கீல் விசை 235.8 நியூட்டன், அது கிடைக்கு மேல் 17.3° சாய்ந்து செயல்படுகிறது.

புள்ளியை மாற்றினால் விடையும் மாறுகிறது

கீலைப் பற்றிச் செய்தபோது ஒரு விடையும், தண்டின் நடுப்புள்ளியைப் பற்றிச் செய்தபோது வேறொரு விடையும் வந்தால், விட்டுப்போன விசை எது என்று தேடவேண்டும். அநேகமாக அது கீல் விசையாகத்தான் இருக்கும். கீலைப் பற்றித் திருப்புவிசை எடுக்கும்போது கீல் விசைக்குத் தொலைவு சுழி என்பதால் அது சமன்பாட்டில் வராது. அந்த வசதிக்காகவே கீலைத் தேர்கிறோம். இந்தப் பழக்கம் ஊறிப்போனவர்கள், புள்ளியை மாற்றிய பிறகும் கீல் விசைக்குத் திருப்புவிசை இல்லை என்றே எண்ணி விட்டுவிடுகிறார்கள். நடுப்புள்ளியைப் பற்றிப் பார்த்தால் தண்டின் எடைதான் மறைகிறது, கீலின் 70 நியூட்டன் 1 மீட்டர் தொலைவில் வலஞ்சுழியாகத் திருப்புகிறது, பலகை 0.5 மீட்டர் தொலைவில் 60 நியூட்டன் மீட்டர் அளவில் அதே பக்கம் திருப்புகிறது. கயிற்றின் செங்குத்துக்கூறு 130 நியூட்டன் மீட்டர் அளவில் எதிர்ப்பக்கம் திருப்புகிறது. 70 + 60 = 130 என்று சமன் ஆகிவிடுகிறது.

தண்டு சமநிலையில் இருக்குமானால் எந்தப் புள்ளியை எடுத்தாலும் திருப்புவிசைகளின் கூடுதல் சுழியாகத்தான் இருக்கவேண்டும். தண்டுக்கு வெளியே, காற்றில் இருக்கும் ஒரு புள்ளியை எடுத்தாலும் அப்படித்தான். இந்த உண்மையே நம் கையில் இருக்கும் சிறந்த சோதனைக் கருவி. கணக்கை முடித்தபின், அதில் இதுவரை பயன்படுத்தாத ஒரு புள்ளியைத் தேர்ந்து ஒரு வரி எழுதிப் பாருங்கள். நான் கயிறு கட்டிய நுனியையே பரிந்துரைப்பேன், ஏனெனில் அங்கே இழுவிசை முழுவதும் மறைந்துவிடுகிறது: கீலின் செங்குத்துக்கூறு × 2 = 80 × 1 + 120 × 0.5 = 140, ஆகவே அந்தக் கூறு 70. இழுவிசையைத் தொடாமலே அதே விடை வந்துவிட்டது.

இழுவிசை குறைவாக வருகிறது

இதற்குக் காரணங்கள் மூன்று. அவற்றில் இரண்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். விடை சரியான மதிப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காக இருந்தால், கிலோகிராமில் கொடுத்த நிறையை 9.8 ஆல் பெருக்காமல் அப்படியே எடையாக வைத்திருக்கிறீர்கள். நம் எடுத்துக்காட்டில் 260-க்குப் பதில் 180 வந்தால், தண்டின் சொந்த எடையை விட்டுவிட்டீர்கள். வினாவில் “எடையற்ற தண்டு” என்று சொல்லாதவரை தண்டுக்கு எடை உண்டு, “சீரான தண்டு” என்றால் அந்த எடை நடுப்புள்ளியில் செயல்படுகிறது.

மூன்றாவது காரணம்தான் பொல்லாதது. சைன் எழுதவேண்டிய இடத்தில் கொசைன் எழுதினால் இழுவிசை 150.1 நியூட்டன் என்று வரும். இதில் பார்த்தவுடன் சந்தேகம் தோன்றும்படி எதுவும் இல்லை. அதைக் கொண்டு கீல் விசையைக் கணக்கிட்டால் கிடைக்கூறு 130, செங்குத்துக்கூறு 124.9 என்று ஒழுங்காகவே வருகிறது. மாணவர் கிடைவிசைகளைக் கூட்டிப் பார்க்கிறார், சுழி. செங்குத்து விசைகளைக் கூட்டிப் பார்க்கிறார், அதுவும் சுழி. விடை சரி என்று கோடிட்டுவிடுகிறார். ஆனால் கீல் விசையைக் கண்டுபிடித்ததே அந்த இரு சமன்பாடுகளிலிருந்துதான். ஆகவே இழுவிசை எவ்வளவு தவறாக இருந்தாலும் அவை சரியாகத்தான் வரும். நுனியைப் பற்றிய திருப்புவிசையை எழுதியிருந்தால் ஒருபக்கம் 249.9, மறுபக்கம் 140 என்று பிழை உடனே வெளிப்பட்டிருக்கும்.

சைனா கொசைனா என்ற குழப்பத்தை மனப்பாடத்தால் தீர்க்க முயலவேண்டாம். கயிற்றின் விசையை இரு கூறுகளாகப் பிரித்துப் பாருங்கள். தண்டின் நெடுக்கில் உள்ள கூறு கீலின் வழியாகவே செல்வதால் தண்டைத் திருப்ப இயலாது. தண்டுக்குச் செங்குத்தான கூறு மட்டுமே திருப்புகிறது, கோணம் தண்டோடு அளக்கப்பட்டிருந்தால் அக்கூறு சைனோடு வரும். ஒரு விசையின் திருப்புவிசை அதன் கூறுகளுடைய திருப்புவிசைகளின் கூடுதலுக்குச் சமம் என்ற இந்த உண்மை, பிரெஞ்சுக் கணித அறிஞர் பியர் வரிஞான் (1654–1722) பெயரால் வழங்கப்படும் தேற்றம். கயிற்றுக்குக் கீலிலிருந்து செங்குத்துக்கோடு வரைந்து அதன் நீளத்தை அளக்கும் முறையைவிடக் கூறுகளாகப் பிரிக்கும் முறையில் பிழை குறைவு என்பது என் அனுபவம்.

இதைக் கையால் உணர்ந்துவிட்டால் பிறகு மறக்காது. ஒரு முனையில் துளையுள்ள மரஅளவுகோலை எடுத்து, அந்தத் துளையில் ஒரு ஆணியைச் செருகி, செங்குத்தான பலகையில் தளர்வாக அடியுங்கள். மறுமுனையில் நூலைக் கட்டி, அதைச் சிறிய சுருள்வில் தராசில் மாட்டி, அளவுகோல் கிடையாக நிற்கும்படி நேர் மேலே இழுத்தால், தராசு அளவுகோலின் எடையில் பாதியைக் காட்டும். அளவுகோலைக் கிடையாகவே வைத்துக்கொண்டு நூலை மெல்லச் சுவர்ப்பக்கம் சாய்த்து 30°-க்குக் கொண்டுவந்தால் முழு எடையைக் காட்டும். 10°-க்கு இறக்கினால் எடையைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு, அதாவது 2.88 மடங்கு, ஆகிவிடும். அதற்கும் கீழே போகப்போக நூல் விரலை வெட்டும், அல்லது அறுந்துவிடும். கோணம் சுழியை நெருங்கும்போது இழுவிசை எல்லையின்றி வளரவேண்டும் என்பது இப்போது தெளிவாகிறது. கொசைன் எழுதிய சமன்பாடு அந்நிலையில் வெறும் 130 நியூட்டன் போதும் என்கிறது. அது எப்படிச் சரியாகும்?

இழுவிசைக்கு இரண்டு விடைகள் வருகின்றன

திருப்புவிசைச் சமன்பாடு 260 என்கிறது. செங்குத்து விசைச் சமன்பாடு 400 என்கிறது. இந்த அறிகுறி தோன்றினால் விசைப்படத்தைப் பாருங்கள்: கீலில் ஒரே ஒரு அம்புக்குறிதான் இருக்கும், அதுவும் தண்டின் நெடுக்கில். கீல் விசை தண்டின் வழியேதான் செயல்படும் என்று கொண்டதால் அதன் செங்குத்துக்கூறு காணாமல் போய், 200 நியூட்டன் எடை முழுவதையும் கயிறே தாங்கவேண்டியதாகிவிட்டது.

இந்த எண்ணம் எங்கிருந்து வருகிறது என்பதும் தெரிந்ததே. எடையற்ற தண்டில் சுமையும் கயிறும் நுனியில் மட்டுமே இருந்தால், விசைகள் இரண்டு இடங்களில்தான் செயல்படுகின்றன. அப்போது கீல் விசை தண்டின் வழியேதான் இருந்தாகவேண்டும். முதலில் அத்தகைய எளிய கணக்குகளைப் பழகியவர்கள் அதையே பொதுவிதியாக எடுத்துக்கொள்கிறார்கள். தண்டுக்கு எடை வந்தவுடன், அல்லது சுமை நடுவே எங்காவது தொங்கியவுடன், அந்த விதி செல்லாது. ஆகவே கீலில் எப்போதும் இரண்டு அம்புகளை, ஒன்று கிடையாகவும் ஒன்று செங்குத்தாகவும் வரைந்துவிட்டுப் பிறகு கணக்கைத் தொடங்குங்கள். ஒரு கூறு சுழியாக இருந்தால் சமன்பாடே அதைச் சொல்லும்.

கீல் விசையின் திசையைச் சரிபார்க்க அழகான ஒரு வழி உண்டு. இணையற்ற மூன்று விசைகள் ஒரு பொருளைச் சமநிலையில் வைத்திருந்தால் அவற்றின் செயற்கோடுகள் ஒரே புள்ளியில் சந்திக்கவேண்டும். இரு எடைகளையும் சேர்த்து ஒன்றாக்கினால் 200 நியூட்டன் விசை, கீலிலிருந்து 260 ÷ 200 = 1.3 மீட்டர் தொலைவில் செயல்படுகிறது. அந்தச் செங்குத்துக்கோடு கயிற்றை, தண்டுக்கு மேலே 0.7 × டேன் 30° = 0.404 மீட்டர் உயரத்தில் வெட்டுகிறது. கீலிலிருந்து அந்தப் புள்ளிக்குக் கோடு இழுத்தால் அதன் சாய்வு 0.404 ÷ 1.3, கோணம் 17.3°. முன்பு கூறுகளிலிருந்து கண்ட அதே கோணம். வரைபடத்தாளில் அளவுக்கேற்ப வரைந்து கோணமானியால் அளந்தாலும் இது தெரியும். கணக்கிட்டுக் கண்ட திசை தாளில் அப்படியே வந்து விழும்போது எனக்கு இன்றும் மகிழ்ச்சிதான்.

கீல் விசைக்கு எதிர்க்குறி வருகிறது

இதைப் பிழை என்று எண்ணிக் குறியை அழித்துவிட வேண்டாம். மேல்நோக்கி என்று நாம் கொண்ட திசை தவறு, உண்மையில் கீல் தண்டைக் கீழே இழுத்துப் பிடிக்கிறது என்பதே அதன் பொருள். நம் கயிற்றை நுனியிலிருந்து அவிழ்த்துத் தண்டின் நடுவில், அதே 30° கோணத்தில் கட்டுங்கள். இப்போது இழுவிசை × 1 × சைன் 30° = 260; இழுவிசை 520 நியூட்டன்; அதன் செங்குத்துக்கூறு மட்டுமே 260 நியூட்டன். மொத்த எடையோ 200தான். எஞ்சிய 60 நியூட்டனைக் கீல் கீழ்நோக்கிச் செலுத்தாவிட்டால், தண்டின் சுவர்ப்பக்க முனை மேலே கிளம்பிவிடும்.

நம் முழங்கை மூட்டில் இதுதான் நடக்கிறது. முன்கையைக் கிடையாக நீட்டி, உள்ளங்கையில் 40 நியூட்டன் பொருளை மூட்டிலிருந்து 34 செ.மீ. தொலைவில் ஏந்துவதாகவும், முன்கையின் எடை 15 நியூட்டன் 16 செ.மீ. தொலைவில் செயல்படுவதாகவும், மேற்கைத் தசை மூட்டிலிருந்து 4 செ.மீ. தொலைவில் நேர் மேலே இழுப்பதாகவும் கொள்வோம். தசையின் விசை (1360 + 240) ÷ 4 = 400 நியூட்டன். ஏந்தியிருப்பது 40 நியூட்டன்தான் என்றாலும், மேற்கை எலும்பு முன்கையை 345 நியூட்டன் விசையோடு கீழே அழுத்துகிறது. எதிர்க்குறியை அழித்த மாணவருக்கு இந்த 345 நியூட்டன் கண்ணில் படாமலே போய்விடும்.

உண்மையான பிழையால் வரும் எதிர்க்குறியும் உண்டு; அது இழுவிசைக்கு வரும். கயிற்றால் இழுக்கத்தான் இயலும், தள்ள இயலாது. ஆகவே இழுவிசை எதிர்க்குறியில் வந்தால், ஏதோ ஒரு திருப்புவிசையின் சுழலும் திசையைத் தவறாக எழுதியிருக்கிறீர்கள், அல்லது கேட்கப்பட்ட அமைப்பே கயிற்றால் நிற்காது.

தண்டு சாய்ந்தவுடன் குழப்பம் தொடங்குகிறது

அதே தண்டைக் கிடைக்கு மேல் 30° உயர்த்தி, நுனியிலிருந்து சுவருக்குக் கயிற்றைக் கிடையாகக் கட்டுங்கள். இங்கே மாணவர்கள் எடையின் தொலைவை 1 மீட்டர், 1.5 மீட்டர் என்று தண்டின் மீதே அளந்துவிடுகிறார்கள். எடை நேர் கீழே செயல்படுவதால் அதன் செங்குத்துத் தொலைவு கிடையாக அளக்கப்படவேண்டும். கயிறு கிடையாக இழுப்பதால் அதன் தொலைவு உயரமாக அளக்கப்படவேண்டும். எனவே இழுவிசை × 2 × சைன் 30° = (80 × 1 + 120 × 1.5) × கொசைன் 30°. இழுவிசை 225.2 நியூட்டன். கீலின் கிடைக்கூறும் அதுவே. செங்குத்துக்கூறு 200 நியூட்டன் முழுவதும், ஏனெனில் கிடையான கயிறு எடையில் எதையும் தாங்குவதில்லை. கீல் விசை கிடைக்கு மேல் 41.6° சாய்வில் செயல்படுகிறது. தண்டின் சாய்வோ 30°.

இங்கே சோதிப்பது எளிது. தண்டு முற்றிலும் நிமிர்ந்து 90° ஆகிவிட்டால் கயிறே தேவையில்லை. உங்கள் சமன்பாட்டில் கோணத்தை 90° என்று இட்டால் இழுவிசை சுழியாகவேண்டும். எல்லையின்றிப் பெருகினால் சைனும் கொசைனும் இடம் மாறியிருக்கின்றன, அல்லது வினாவில் சுவரோடு கொடுத்த கோணத்தைக் கிடையோடு எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். கயிறும் சாய்வாக இருந்தால் தேவைப்படுவது கயிற்றுக்கும் தண்டுக்கும் இடைப்பட்ட கோணம்: 30° உயர்ந்த தண்டின் நுனியிலிருந்து கயிறு சுவரை நோக்கி 20° ஏறினால் அது 50°, 20° இறங்கினால் 10°. படம் வரையாமல் இதை மனத்திலேயே கூட்டிக் கழிக்க முயல்வது வேண்டாத துணிச்சல்.

சமன்பாடுகள் போதவில்லை

மூன்று சமன்பாடுகளால் மூன்று தெரியாதவற்றைத்தான் காணலாம். தண்டின் இரு முனைகளிலும் கீல் இருப்பதாகக் கொண்டால் நான்கு கூறுகள் ஆகிவிடும். எடைகள் மட்டுமே தாங்கும் கிடையான தண்டில் செங்குத்துக்கூறுகள் கிடைக்கும், கிடைக்கூறுகள் ஒன்றுக்கொன்று சமமும் எதிருமானவை என்பதற்கு மேல் எதுவும் கிடைக்காது. வினாவை மீண்டும் படியுங்கள். ஒரு முனையில் உருளைத் தாங்கியோ வழவழப்பான தளமோ இருக்கும்; அங்கே தளத்துக்குச் செங்குத்தான ஒரே ஒரு விசைதான். மாறாக, கயிறே இல்லாமல் தண்டு கிடையாக நிற்கிறது என்றால் அது கீலே அல்ல, சுவரில் பதித்த தண்டு. 260 நியூட்டன் மீட்டர் திருப்புவிசையைச் சுவரே தரவேண்டும், அதைத் தனி ஒரு தெரியாததாக எழுதவேண்டும்.

இரு தண்டுகளைக் கீலால் இணைக்கும் கணக்குகள் இலங்கை உயர்தர இணைந்த கணிதத்தில் மிகுதியாக வரும். அங்கே முழு அமைப்புக்கும் சமன்பாடு எழுதும்போது இணைப்புக் கீலின் விசையைச் சேர்க்கக்கூடாது. ஒரு தண்டைத் தனியே பிரித்ததும் கட்டாயம் சேர்க்கவேண்டும், மற்றத் தண்டில் அதையே எதிர்த்திசையில் வரையவேண்டும்.

விடைப்பட்டியல் “எடையில் கால் பங்கு” என்கிறது

பலகை இல்லாத, 80 நியூட்டன் எடையுள்ள தண்டு கயிற்றின் துணையால் கிடையாக நிற்கிறது. கயிற்றை அறுத்த கணத்தில் கீல் விசை எவ்வளவு என்று கேட்டால், 40 என்று சிலரும் 80 என்று சிலரும் எழுதுகிறார்கள். அறுத்த கணத்திலேயே சமநிலை போய்விட்டது; திருப்புவிசை இப்போது தண்டைச் சுழல முடுக்குகிறது. முனையைப் பற்றிய சீரான தண்டின் நிலைமத் திருப்புத்திறன் (சுழல முடுக்கப்படுவதை எதிர்க்கும் அளவு), நிறையை நீளத்தின் வர்க்கத்தால் பெருக்கி மூன்றால் வகுத்தது. அதைப் பயன்படுத்தினால் 2 மீட்டர் தண்டின் கோண முடுக்கம் 7.35 ரேடியன்/வினாடி² என்று வருகிறது. நடுப்புள்ளி 7.35 மீட்டர்/வினாடி² முடுக்கத்தோடு, அதாவது ஈர்ப்பு முடுக்கத்தில் முக்கால் பங்கோடு, கீழே விழுகிறது. ஆகவே எடையில் முக்கால் பங்கு அந்த முடுக்கத்துக்கே செலவாக, எஞ்சிய கால் பங்கை, 20 நியூட்டனை, கீல் மேல்நோக்கித் தருகிறது. அந்தக் கணத்தில் தண்டு இன்னும் சுழலத் தொடங்கவில்லை என்பதால் கிடைக்கூறு சுழி.